காவிரி டெல்டாவில் மீன் சிறுத்தது எப்படி: ஒரு நிகழ்வு ஆய்வு

காவிரி கடலில் சேரும் புகாரில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், பரதவர் ஒரு மீனின் கொம்பை நட்டு வைத்துத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். பட்டினப்பாலை அதை ‘சினைச் சுறவின் கோடு நட்டு’ என்று பதிவு செய்திருக்கிறது. முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், தாழம்பூச் சூடி, உண்டு ஆடி அந்த நாளைக் கழித்தார்கள் என்றும் சொல்கிறது. கொம்பு வைத்த சுறா என்றால் இந்தக் கரையில் அது வேளாதான். திருக்கைக்குப் பக்கத்து உறவு; இருபுறமும் பல் பதித்த ரம்பமாக மூக்கு நீண்டிருக்கும். இந்தியக் கடலில் இருந்த வேளா வகைகளில் பெரியது 6 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஒரு ஈற்றில் சில குட்டிகளே போடும். பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் எடுக்கும்.

இன்று அதே பூம்புகார் கரையில் வலை இழுக்கும் இளைஞர்களில் வேளாவை நேரில் பார்த்தவர் அரிது. 2001-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், வேளா மீன்களைச் சேர்த்தார்கள். ஒரு கரையின் தெய்வமாக இருந்த மீன் அந்தக் கரையின் நினைவில்கூட இல்லாமல் போக முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

‘மீனெல்லாம் சிறுத்துப் போச்சு’ என்ற பேச்சு டெல்டாவில் எங்கும் கேட்கும். கும்பகோணம் மீன் மார்க்கெட்டில் கேட்கும், பழையாறு இறங்குதளத்தில் கேட்கும், வாய்க்காலில் தூண்டில் போடும் பையனின் தாத்தா வாயிலும் கேட்கும். இந்த ஒரே பேச்சைத்தான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பேச்சு உண்மை. ஆனால் அதற்குள் நான்கு வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. கடலில் நடந்தது ஒன்று, ஆற்றில் நடந்தது வேறு, குளத்தில் நடந்தது இன்னொன்று. இவை எல்லாவற்றுக்கும் அடியில், மீனின் பரம்பரைக்குள்ளேயே நடக்கக்கூடியது நான்காவது. எல்லாவற்றையும் ‘அதிகமாகப் பிடித்துவிட்டோம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினால், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

எலும்பு சொல்லும் கணக்கு

எவ்வளவு பின்னால் போவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், காரை பக்கம் மண்ணைக் கிளறினால் சுறாப்பற்கள் கிடைக்கும். அவை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் மிச்சம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இந்த ஆய்வுக்கு உதவாது. அந்தச் சுறாக்களைப் பிடிக்க மனிதன் இல்லை. நமக்கு வேண்டியது மனிதன் மீன் பிடிக்கத் தொடங்கிய பிறகான காலம்.

டெல்டாவுக்கு அதிலும் ஓர் எல்லை உண்டு. பனியுகம் முடிந்து ஏறிக்கொண்டே வந்த கடல் மட்டம் சுமார் 7,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்புதான் இன்றைய அளவுக்குப் பக்கத்தில் வந்து நிதானித்தது. உலகின் பெரிய டெல்டாக்கள் இன்றைய உருவம் எடுத்தது அதற்குப் பிறகுதான். ஆகவே இங்கே கற்கால மனிதன் உட்கார்ந்து மீன் தின்ற கரையில் பெரும்பகுதி வண்டலுக்கு அடியிலோ கடலுக்கு அடியிலோ கிடக்கிறது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன்கண்டியூரில் 2006-இல் கிடைத்த வழவழப்பான கற்கோடரி, அந்தக் கால மனிதன் இந்த வட்டாரத்தோடு தொடர்பு கொண்டிருந்தான் என்று காட்டுகிறது. அவன் தின்று போட்ட மீன்முள் நம் கைக்கு வருவது அவ்வளவு எளிதல்ல. மீன் எலும்பு மெலிந்தது. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் வயல் மண்ணில் சீக்கிரம் கரைந்துபோகும். மிஞ்சுவதும் அகழாய்வில் சன்னமான சல்லடை போட்டுச் சலித்தால்தான் கிடைக்கும். மண்வெட்டிக்குத் தப்பாமல் மாட்டெலும்பு வரும், கெண்டை முள் வராது.

எலும்பு நன்றாகப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் என்ன தெரிகிறது? வட அமெரிக்காவின் மேய்ன் வளைகுடாக் கரையில், பழங்குடிகள் தின்று கொட்டிய கிளிஞ்சல் மேடுகளில் காட் மீனின் எலும்புகள் ஏராளம். அவற்றை அளந்து பார்த்தபோது, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளாக அங்கே பிடிபட்ட காட் மீனின் சராசரி நீளம் 1 மீட்டரை ஒட்டியே இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அது சுமார் 30 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. 50 நூற்றாண்டுகள் அசையாமல் நின்ற கோடு ஒரே நூற்றாண்டில் சரிந்தது. ஸ்வீடனின் காட்லாந்து தீவில் சுமார் 4,500 ஆண்டுப் பழமையான குடியிருப்பில் கிடைத்த காட் மீனின் காதுக்கற்களும் (தலைக்குள் இருக்கும் சிறு கற்கள்) அதே பக்கம்தான் சாய்கின்றன: கற்காலத்தார் பிடித்த மீன் இன்று பிடிபடுவதைவிடப் பெரியது, வயதும் கூடியது.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தூண்டில் பெரிய மீனைத் தேர்ந்தெடுக்கும், வலை தன் கண்ணுக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுக்கும். சின்ன மீனை முள்ளோடு மென்றுவிடுவோம். பெரிய மீனின் தண்டுவட எலும்புதான் குப்பையில் விழும். எனவே பழைய குப்பைமேடு எப்போதும் கொஞ்சம் பெரிய மீன் பக்கம் சாய்ந்தே பேசும். மேய்ன் போன்ற இடங்களை நான் நம்புவதற்குக் காரணம், அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்தச் சாய்வு ஒரே மாதிரி இருந்தும், கடைசி நூற்றாண்டில்தான் அளவு விழுந்தது.

தலைக்குள் இருக்கும் கல்

இந்த அளவெல்லாம் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரு கத்தாழைத் தலையை வாங்கி வரச் சொல்வேன். பன்னா, கத்தாழை, கூறல் எல்லாம் ஒரே குடும்பம், இந்தக் குடும்பத்தில் காதுக்கல் நன்றாகப் பெரிதாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் கத்தியை வைத்துத் தலையைப் பிளந்தால், மூளைக்குக் கீழே இருபுறமும் ஒவ்வொன்றாக வெள்ளைக் கல் உட்கார்ந்திருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் மேல்சவ்வு உரிந்து வழவழவென்று வரும். ஒரு பக்கம் குவிந்து கரடாக இருக்கும், மறுபக்கம் பள்ளமாக ஒரு தடம் ஓடும். அந்தத் தடத்தின் வடிவத்தை வைத்தே என்ன இனம் என்று சொல்லிவிடலாம். கல்லின் நீளத்தை அளந்தால் மீனின் நீளம் கணக்கில் கிடைக்கும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. அப்புறம் கல்லைக் குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து மெல்லிய சில்லாக்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிர்நாட்டு மீனில் ஆண்டுக்கு ஒரு வளையம் பளிச்சென்று விழும். நம் பக்கத்து மீனில் அவ்வளவு தெளிவாக விழாது. பருவமழையும் சினைக்காலமும் விடும் தடங்களைப் பொறுமையாகப் பிரித்து எண்ண வேண்டும்.

இந்தக் கல் ஏன் முக்கியம்? நீளம் மட்டும் தெரிந்தால், கையில் இருப்பது வயதான குட்டை மீனா, வளரும் முன்பே பிடிபட்ட குஞ்சா என்று சொல்ல முடியாது. வயதும் சேர்ந்து தெரிந்தால்தான் மீன் ‘சிறுத்ததா’ அல்லது ‘சின்னதிலேயே பிடிபட்டதா’ என்று பிரிக்க முடியும். இந்த ஆய்வு முழுதும் அந்த ஒரு பிரிவினையின் மேல்தான் நிற்கிறது.

நாகப்பட்டினம் பக்கத்து இறங்குதளம் ஒன்றில் நான் தலைக்கல் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு அப்பாவும் மகனும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மகன் தன் பெட்டியிலிருந்து ஒரு கூறலைத் தூக்கிக் காட்டினார்.

“சார், இது பெரிய சைஸு. இதுல கல் எடுத்துப் பாருங்க.”

முழங்கை நீளம் இருந்தது. அப்பா அதை வாங்கி வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தார். “இது பெரிசா? தம்பி, இதெல்லாம் குஞ்சு. எங்க அப்பா காலத்துல கூறலைக் கட்டுமரத்துல ஏத்துறதுக்கு ரெண்டு ஆளு வேணும். இவன் பாத்தது இல்ல, அதான்.”

மகன் மறுத்துப் பேசவில்லை. “எனக்குத் தெரிஞ்சு இதுதான்பா பெரிசு,” என்றார்.

கூறல் ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடிய மீன். பெரியவர் மிகைப்படுத்தவில்லை. மகனும் பொய் சொல்லவில்லை. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் எழுதிக் காட்டியது இதைத்தான்: ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்த நாளில் பார்த்த கடலையே ‘சரியான கடல்’ என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன் நடந்த இழப்பு கணக்கிலேயே வருவதில்லை. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரிடம் கேட்டு, 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அருகிப்போன மீன் வகைகள் என்று இளையவர்கள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு பெயர்களை முதியவர்கள் சொன்னார்கள். நினைவு ஒரு தலைமுறைக்கு மேல் தாங்குவதில்லை. அதனால்தான் கல்லும் எலும்பும் பேச வேண்டியிருக்கிறது.

கடல்: பெரியவை முதலில் போயின

டெல்டாக் கரையில், பழையாறு தொடங்கி தரங்கம்பாடி, நாகை, வேதாரண்யம் என்று கோடியக்கரை வரைக்கும், 1950-களுக்கு முன் தொழில் கட்டுமரமும் பருத்தி வலையும் கரைவலையும் தூண்டிலும்தான். நைலான் வந்தது, எஞ்சின் வந்தது, விசைப்படகில் இழுவைமடி வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் பெருகின. ஒவ்வொன்றும் மீனவனின் உழைப்பைக் குறைத்தது, உயிரைக் காத்தது. அதைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் மீனின் அளவில் இவை செய்ததைப் பார்க்க வேண்டும்.

செவுள் வலையின் கண் ஒரு குறிப்பிட்ட பருமனுள்ள மீனைத்தான் பிடிக்கும். சின்னது நுழைந்து போய்விடும், ரொம்பப் பெரியது முட்டித் திரும்பிவிடும். அந்தக் காலத்துத் தொழிலில் கிழட்டு மீனுக்கு ஒரு தப்பும் வழி இருந்தது. இழுவைமடியில் அந்த வழி இல்லை. முன்னே போகும் எதுவும் பின்னால் மடிக்குள் சேரும், கடைசிக் கண் சிறிதாக இருந்தால் குஞ்சும் தப்பாது. இப்படி வரும் குஞ்சும் குளுவானும் தளத்தில் ‘கழிசல்’ என்று தனியே குவிக்கப்பட்டு மீன்தூள் ஆலைக்குப் போகிறது. அந்தக் குவியலை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். விரல் நீளச் சங்கரா, கண் முழித்த பன்னாக்குஞ்சு, ரூபாய் நாணயம் அளவு வாவல். எதுவும் ஒருமுறைகூடச் சினை வைத்திருக்காது.

இப்படி நடக்கும்போது என்ன ஆகும் என்று அமெரிக்காவின் கீ வெஸ்டில் மிக எளிய முறையில் கண்டுபிடித்தார்கள். சுற்றுலாவாகத் தூண்டில் போட வருபவர்கள், பிடித்த மீனோடு ஒரே துறைமுகப் பலகையின் முன் நின்று பல பத்தாண்டுகளாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களை எடுத்துவைத்து அளந்தார் ஆய்வாளர் லோரன் மெக்ளேனகன். 1956-இல் தொங்கிய கோப்பை மீன்களின் சராசரி எடை சுமார் 19.9 கிலோ, 2007-இல் 2.3 கிலோ. பெரிய களவாவும் சுறாவும் படத்திலிருந்து மறைந்து, சின்ன மீன்கள் வரிசையாகத் தொங்கின. படத்தில் நிற்பவர்களின் சிரிப்பு மட்டும் குறையவில்லை.

நம் வீடுகளிலும் படங்கள் உண்டு. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய கல்யாணப் படங்களுக்கு நடுவே, படகின் முனையில் சுறாவைக் கிடத்தி எடுத்த படம் ஒன்றாவது எந்த மீனவக் குப்பத்திலும் இருக்கும். படத்தில் ஆள் உயரமும் படகுப் பலகையின் அகலமும் தெரிந்தால் போதும், மீனின் நீளத்தை எடுத்துவிடலாம்.

கடலில் நடந்ததன் பெரும்பகுதி இதுதான்: மீன் குட்டையாக வளரவில்லை, நீளமாக வளரும் வயதை எட்டவில்லை. கூடவே இனங்களும் இடம் மாறின. உலகக் கணக்கில், திறந்த கடலின் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 1970-க்குப் பிறகு சுமார் 71 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் நம் கரையில் மத்தி பெருகியது. முன்பு மேற்குக் கரையின் மீனாகக் கருதப்பட்டது, கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுக் கரையிலும் பெரிய தொழிலாகிவிட்டது. ஒரு சாண் நீள மீன் அது. கூடையில் எடை குறையாமல் இருக்கும், கூடையில் உள்ள மீனின் நீளம் குறைந்துகொண்டே போகும்.

ஆறு: மீன் அல்ல, வழி சிறுத்தது

ஆற்றுக் கதையைக் கடல் கதையோடு சேர்த்துச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே வலை முதல் குற்றவாளி இல்லை.

உல்லம் கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் வரும்போது முட்டையிட ஆற்றில் ஏறும் மீன். வங்காளத்தில் ஹில்சா, ஆந்திராவில் புலசா என்று கொண்டாடுவது இதைத்தான். கொள்ளிடம் வழியாக இதுவும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். தஞ்சை வயலுக்கு அது வரம், உல்லத்துக்கு அது சுவர். மீனியல் அறிஞர் ஃபிரான்சிஸ் டே 1873-இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், அணைகள் மீனின் ஏற்றத்தை மறிப்பதையும் வலைக்கண் சிறுத்திருப்பதையும் அப்போதே எழுதினார். 1909-இல் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கும் முயற்சிகூட நடந்தது. அதாவது நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆபத்து தெரிந்துதான் இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளத்தின் அளவும் காலமும் மாறின; காவிரியின் உல்லத் தொழில் சரிந்தது. பெரிய மீன் ஒன்று ஆற்றிலிருந்து முழுதாகக் கழன்று போனால், ஆற்றின் ‘சராசரி மீன்’ சிறுத்துத்தானே தெரியும்? இங்கே எந்த மீனும் குட்டையாகவில்லை.

மேலே கர்நாடகத்தில் இதே ஆற்றின் துணையாறான கபினியில் 1946-இல் தூண்டிலில் பிடிபட்ட திமில் மாசீர் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. உலகில் காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கெண்டை அது. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவித்தது. அந்த ஆறு ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய உடலைத் தாங்கியது என்பதற்கு டெல்டாக்காரர்கள் அந்த எடையை மனதில் வைத்திருப்பது நல்லது.

டெல்டாவுக்குள் நான் அதிகம் கவலைப்படுவது வாளைக்காக. மீசை வைத்த, ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் வேட்டை மீன். பெரிய மீனுக்குக் கோடையில் ஒளிய ஆழம் வேண்டும். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்து, தையில் அடைத்தால், அடுத்த சில மாதம் கொள்ளிடமும் குடமுருட்டியும் அரசலாறும் மணல்வெளிதான். முன்பு அந்த மாதங்களை மீன் மடுக்களில் கழித்தது: வளைவில் நீர் குடைந்து வைத்த ஆழக் குழி, ஊற்றுத் தண்ணீர் வற்றாத இடம். மணல் அள்ளி ஆற்றின் தரையே கீழே போனதும், ஊற்று மட்டம் இறங்கியதும் மடுக்கள் காய்ந்தன. ஒரே ஆண்டில் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு முடிக்கும் கெண்டைப்பொடியும் கெளுத்தியும் அடுத்த வெள்ளத்தில் திரும்பி வந்துவிடும். ஐந்தாறு கோடைகளைத் தாண்டினால்தான் பெரிதாகும் வாளைக்கு ஒரே ஒரு கோடை தவறினாலும் போதும். வலைக்கண் விதியால் இதைத் தீர்க்கவே முடியாது.

குளம்: சிலேபி

1952-இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் சிலேபி. இன்று டெல்டாவில் கோயில் குளம், செங்கல் சூளைக் குட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. நல்ல இடத்தில் 35 சென்டிமீட்டர் வரை வளரும். நெரிசலான குட்டையில் இரண்டு மூன்று மாதத்திலேயே, விரல் நீளத்தில், முட்டை வைத்து வாய்க்குள் அடைகாக்கத் தொடங்கிவிடும். அடைகாக்கும் நாளில் பெண் மீன் தின்னாது, அதனால் வளர்ச்சியும் நிற்கும். குளத்தைக் கலைத்து வலை வீசினால் வருவது முழுக்க முழுக்கக் கிழட்டுக் குட்டை மீன்கள். இதே மீனை எடுத்து அகலமான ஏரியில் விட்டால் அடுத்த தலைமுறை பெரிதாக வளரும். உடலில் ஏற்பட்ட மாற்றம்தான், பரம்பரையில் ஏற்பட்டதல்ல.

பரம்பரையில் இறங்கினால்

இனி, மீளக் கடினமான சங்கதி. ஒவ்வொரு தலைமுறையிலும் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால், சீக்கிரம் பருவத்துக்கு வந்து சின்னதாகவே நின்றுவிடும் மீன்தான் சந்ததி விடும். 2002-இல் கோனோவர், மன்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் தொட்டியில் செய்து காட்டினார்கள். ஓராண்டு ஆயுள் உள்ள சில்வர்சைடு என்ற சிறு மீனை எடுத்து, சில தொட்டிகளில் பெரிய 90 சதவீதத்தையும், சிலவற்றில் சிறிய 90 சதவீதத்தையும் ஒவ்வொரு தலைமுறையிலும் நீக்கினார்கள். நான்கே தலைமுறையில், சிறியதை நீக்கிய தொட்டி மீனின் எடை மற்றதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பிறகு அந்தத் தேர்வை நிறுத்திவிட்டு ஐந்து தலைமுறை காத்திருந்தார்கள். அளவு ஏறியது, ஆனால் பழைய அளவுக்கு வரவில்லை. முழுதாகத் திரும்ப ஏறத்தாழ 12 தலைமுறை ஆகும் என்று 2009-இல் கணித்தார்கள். ஓராண்டு மீனுக்கு 12 ஆண்டு. ஐந்தாறு வயதில் சினை வைக்கும் மீனுக்கு அது அரை நூற்றாண்டைத் தாண்டும்.

தொட்டி வேறு, கடல் வேறு என்று சொல்லலாம். 2025-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கிழக்குப் பால்டிக் கடலின் காட் மீன்களை, 1996 முதல் 2019 வரை சேமித்து வைத்த காதுக்கல்லோடும் மரபணுவோடும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அந்த மீன் எட்டக்கூடிய உச்ச நீளம் அந்தக் காலத்துக்குள் 48 சதவீதம் குறைந்திருந்தது. வேகமாக வளரும் மரபணு வகைகள் கூட்டத்திலிருந்து அருகியிருந்தன. 2019-இல் பிடிப்பை நிறுத்தியும் மீன் பழைய உடலுக்குத் திரும்பவில்லை. அந்தக் காதுக்கல்லை யாரோ ஒவ்வொரு ஆண்டும் சின்னக் காகித உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்தார்கள் என்பதால்தான் இது இன்று தெரிகிறது.

வெப்பமும் சேர்கிறது. கடல் சூடாகி உயிர்வளி குறைந்தால், மீனின் உச்ச எடை 2000-க்கும் 2050-க்கும் இடையே உலகச் சராசரியாக 14 முதல் 24 சதவீதம் குறையலாம் என்று 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதன் உடலியல் விளக்கத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை.

பெரிய மீன் ஏன் வேண்டும்

சின்ன மீனும் மீன்தானே, எடை வந்தால் சரி என்று சிலர் கேட்பார்கள். காட் மீனில் 30 கிலோ எடையுள்ள ஒரு தாய் போடும் முட்டையைச் சமன் செய்ய, 2 கிலோ தாய்கள் 28 வேண்டும் என்று 2018-இல் காட்டினார்கள். அந்த 28-இன் எடையைக் கூட்டினால் 56 கிலோ. தாய் பெருக்கப் பெருக்க முட்டை அதைவிட வேகமாகக் கூடுகிறது. ஆகவே ஒரு பெரிய கூறல் போவது, எடைக்கணக்கில் பார்ப்பதைவிடப் பெரிய இழப்பு. அந்த மீனுக்கு இன்னொரு சாபமும் உண்டு: அதன் நெட்டி (உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை) வெளிநாட்டுச் சந்தையில் தங்கம் மாதிரி விலை போகிறது, அதுவும் மீன் பெருக்கப் பெருக்க விலை ஏறும். எந்தத் தாய் தப்ப வேண்டுமோ அதற்குத்தான் கூடுதல் விலை.

என்ன செய்யலாம்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கிறது. 2017-க்கு முன் அது 45 நாள். நல்ல ஏற்பாடு, முட்டையிட அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அந்த 61 நாள் ஒரு மீனை வயதாக விடாது. வயதாக விட வேண்டுமென்றால், பிடிக்கும் அளவுக்கே விதி வேண்டும். கேரளம் 2015-இல் 14 இனங்களுக்கும் 2017-இல் மேலும் 44 இனங்களுக்கும் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது, மொத்தம் 58. மத்தி 10 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில், மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு 2000-இலிருந்தே தடை உண்டு, அதைப் பற்றிய சண்டையில் ஊருக்கு ஊர் பிளவுபட்டுக் கிடக்கிறது. அளவு விதி அந்தச் சண்டைக்கு வெளியே நிற்கக்கூடியது. எந்த வலைக்காரரானாலும் குஞ்சு குஞ்சுதான்.

கூறல், களவா போன்றவற்றுக்குக் கீழ் எல்லை மட்டும் போதாது, மேல் எல்லையும் வேண்டும் என்பது என் கருத்து. குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் உயிரோடு வந்தால் திருப்பி விடுவது. நெட்டி விலையைப் பார்க்கும்போது இதைக் கேட்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்; விடுபவருக்கு ஈடு கொடுக்காமல் இதைச் சொல்லக் கூடாது.

ஆற்றுக்குத் தனி மருந்து. ஒவ்வொரு ஆற்றிலும் மிச்சமிருக்கும் மடுக்களை ஊர் வாரியாகக் குறித்து, அங்கே கோடையில் மணலும் மீனும் எடுக்காமல் விடலாம். கோயிலை ஒட்டிய துறைகளில் மீனைப் பிடிக்காமல் பொரி போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை மடுவுக்கு நீட்டினால் போதும். குளத்துக்கு மருந்து இன்னும் எளிது: விரால் விடுங்கள், சிலேபிக் குஞ்சை அது தின்று கணக்கை நேராக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அளவு வேண்டும். பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் பழங்காலச் செங்கல் படகுத்துறை கண்டெடுத்த மண் இது. இனி இங்கே தோண்டும் ஒவ்வொரு குழியிலும் மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் மீன்முள் வரும். நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் 1961-இலிருந்து கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அந்த எலும்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள்.

இறங்குதளத்தில் வேண்டியது அதைவிடக் குறைவு. ஒரு மரப்பலகையில் சென்டிமீட்டர் வரைந்து, ஏலத்துக்கு முன் ஒவ்வொரு படகிலிருந்தும் கைக்கு வந்த பத்து மீனைத் தேர்ந்தெடுக்காமல் அளப்பது. நோட்டில் தேதி, இனம், நீளம், ஆணா பெண்ணா, சினை உண்டா இல்லையா, எந்த வலை, கண் அளவு என்ன என்று எழுதுவது. தலையை வெட்டி விற்கும் பெண்களிடம் கேட்டால் கல்லைத் தனியே எடுத்து வைப்பார்கள், உறையில் போட்டுத் தேதி எழுதிவிடலாம். இதைத் தொடங்க நல்ல நாள், தடை முடிந்து படகுகள் முதல் பாடு கொண்டுவரும் நாள். வருடத்திலேயே பெரிய மீன் தளத்துக்கு வருவது அன்றைக்குத்தான். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே பலகையில் மறுபடி அளக்க வேண்டும்.